பாத்தி யார் கையில்? பள்ளித் தோட்டமும் சமூகத் தோட்டமும் உணவு நீதியும்

நகரத்து ஏழைக்குக் கையகல நிலம் கொடுத்தால் அவர் வீட்டு அடுப்பு எரியுமா? பள்ளிக்கூடத்தில் கீரைப்பாத்தி போட்டால் பிள்ளைகளின் உடம்பில் சத்து ஏறுமா? ஏறத்தாழ 130 ஆண்டுகளாகக் கேட்கப்பட்டுவரும் கேள்விகள் இவை. பொருளாதார வீழ்ச்சி, போர், இனப் போராட்டம், உடல்பருமன் குறித்த கவலை என ஒவ்வொரு நெருக்கடியிலும் யாராவது ஒருவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு விடை சொல்ல வந்திருக்கிறார். கடந்த இருபது ஆண்டுகளில் அந்த விடைகள் ‘உணவு நீதி’ என்ற பெயரின்கீழ்த் திரண்டுள்ளன. விளைவிப்பதிலும் விற்பதிலும் உண்பதிலும் உள்ள நன்மை தீமைகள் நிறம், வர்க்கம், சாதி பார்த்துப் பங்கிடப்படுவதை எதிர்ப்பதே இதன் சாரம். அமெரிக்க வேளாண் துறையின் கணக்குப்படி 2023இல் அந்நாட்டுக் குடும்பங்களில் 13.5 சதவீதம் போதிய உணவுக்கு உத்தரவாதம் இல்லாதவை. வெள்ளையர் குடும்பங்களில் இது 9.9 சதவீதம், கறுப்பினக் குடும்பங்களில் 23.3 சதவீதம். உலகின் மிகப் பெரிய உணவு ஏற்றுமதியாளர்களுள் ஒன்றான நாட்டில் இந்த இடைவெளியை உற்பத்திக் குறைவால் விளக்க முடியாது. அப்படியானால் மேலும் கொஞ்சம் உற்பத்தி செய்யும் தோட்டம் இதற்கு எப்படி மருந்தாகும்? இயக்கமும் அதன் மீதான ஆய்வுகளும் பெரும்பாலும் அமெரிக்காவில் வளர்ந்தவை என்பதால் இக்கட்டுரை அங்கிருந்து தொடங்குகிறது. பள்ளி உணவைப் பற்றிப் பேசும்போது தமிழ்நாட்டு அனுபவம் தவிர்க்க முடியாததாகிறது.

நெருக்கடி காலத்துத் தோட்டங்கள்

முதல் நிலைப்பாடு தோட்டத்தை நிவாரணமாகப் பார்த்தது. 1893இன் பொருளாதாரச் சரிவில் டெட்ராய்ட் நகரத் தொழிலாளர்கள் பெருமளவில் வேலையிழந்தனர். அடுத்த ஆண்டு மேயர் ஹேசன் பிங்கிரி, மனை விலை ஏறட்டும் என்று உரிமையாளர்கள் போட்டு வைத்திருந்த வெற்று நிலங்களைக் கேட்டுப் பெற்று, உருளைக்கிழங்கும் பீன்ஸும் பயிரிட ஏழைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். பயிரிட்டவர்களில் போலந்து, ஜெர்மனி நாடுகளிலிருந்து குடியேறியோர் மிகுதி. திட்டத்தைக் கேலி செய்தவர்களே அறுவடையைக் கண்டு அடங்கினார்கள். பிற நகரங்களும் அதைப் பின்பற்றின. ஆனால் நிலம் இரவல். தொழில் மீண்டதும் மனைக்கு மறுபடி மதிப்பு வந்தது. சில ஆண்டுகளில் தோட்டங்கள் மறைந்தன.

இரண்டு உலகப் போர்களும் இதே கதையைப் பெரிய அளவில் நடத்திக் காட்டின. முதல் போரின்போது பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு ‘பள்ளித் தோட்டப் படை’ அமைக்கப்பட்டது. இரண்டாம் போரின் ‘வெற்றித் தோட்டங்கள்’ 1943, 1944 வாக்கில் ஏறக்குறைய 2 கோடியை எட்டி, நாட்டின் பச்சைக் காய்கறியில் சுமார் 40 சதவீதத்தை விளைவித்ததாக அக்கால மதிப்பீடுகள் கூறுகின்றன. அரசு விதையும் துண்டறிக்கையும் ஊக்கமும் தந்தால் சிறு தோட்டம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இன்றும் இதையே சான்றாகக் காட்டுகிறார்கள். அந்தச் சான்றுக்கு ஒரு மறுபக்கம் உண்டு. கலிஃபோர்னியாவின் காய்கறிச் சாகுபடியில் மூன்றில் ஒரு பங்கு அல்லது அதற்கும் மேலாகக் கையில் வைத்திருந்ததாகக் கணிக்கப்படும் ஜப்பானிய வம்சாவளி விவசாயிகள் 1942இல் வயல்களை விட்டு வெளியேற்றப்பட்டுத் தடுப்பு முகாம்களில் அடைக்கப்பட்டனர். அனுபவமுள்ள கைகளை நிலத்திலிருந்து பிடுங்கிய அதே அரசுதான் குடிமக்களைக் கொல்லைப்புறத்தில் காய் போடச் சொன்னது. விளைச்சலை மட்டும் எண்ணினால் வெற்றித் தோட்டம் வெற்றிதான். நீதியையும் சேர்த்து எண்ணினால் கணக்கு மாறுகிறது. நிவாரணப் பார்வையின் குறை இதுதான்: தோட்டத்தை அவசரகாலத்தோடு கட்டிப்போடுகிறது, யாருடைய நிலம், எத்தனை நாளுக்கு என்ற கேள்விகளை எழுப்புவதே இல்லை.

வகுப்பறையாகத் தோட்டம்

இரண்டாவது நிலைப்பாடு கல்வியாளர்களுடையது. 1891இல் பாஸ்டனின் ராக்ஸ்பரி பகுதியில் ஜார்ஜ் புட்னம் பள்ளியில் தொடங்கிய தோட்டம் அமெரிக்காவின் ஆரம்பகாலப் பள்ளித் தோட்டங்களுள் ஒன்று. 1902இல் நியூயார்க்கில் ஃபேனி கிரிஸ்காம் பார்சன்ஸ் உருவாக்கிய குழந்தைகள் பண்ணை, கூட்டமான குடியிருப்புகளில் வாழ்ந்த குடியேறிகளின் பிள்ளைகளுக்கு உழைப்பையும் ஒழுங்கையும் கற்பிப்பதை நோக்கமாக அறிவித்தது. நூறாண்டு கழித்து மறுபிறவி எடுத்தபோது நோக்கம் உடல்நலமாக மாறியிருந்தது. சமையற்கலைஞர் ஆலிஸ் வாட்டர்ஸ் 1995இல் பெர்க்லியின் மார்ட்டின் லூதர் கிங் நடுநிலைப் பள்ளியில் ஓர் ஏக்கர் அளவில் தொடங்கிய ‘உண்ணத்தக்க பள்ளி வளாகம்’ இதன் அடையாளமானது. தானே நட்டதைப் பிள்ளை தின்று பார்க்கும், தின்றது பழகும், பழகியது வீட்டுக்கும் போகும் என்பது இதன் நம்பிக்கை.

இந்த நம்பிக்கை முறையான சோதனைகளுக்கு உட்பட்டிருக்கிறது என்பதால் இங்கே சற்று நின்று பார்க்கலாம். டெக்சஸின் ஆஸ்டின் பகுதியில், பெரும்பாலும் வருமானம் குறைந்த லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கும் 16 தொடக்கப் பள்ளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்குத் தோட்டமும் சமையலும் ஊட்டச்சத்துப் பாடமும் தந்து பார்த்தார்கள். முடிவு 2021இல் வெளியானது. பிள்ளைகள் உண்ட காய்கறி நாளொன்றுக்கு ஏறத்தாழ அரைப் பங்கு கூடியது. ஒரு பங்கு என்பது ஒரு தடவை பரிமாறும் அளவு. உடல் எடையிலோ ரத்த அழுத்தத்திலோ குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. லண்டன் பள்ளிகளில் நடந்து 2014இல் வெளியான சோதனைகளில், தோட்டம் வைத்ததனால் மட்டும் பழம், காய்கறி உண்பது கூடியதற்குப் போதிய சான்று கிடைக்கவில்லை. தோட்ட வேலை பள்ளியின் அன்றாடத்தில் நன்றாக வேரூன்றிய இடங்களில் மட்டும் உயர்வு தென்பட்டது. நேபாளத்தில் நடந்த ஆய்வில் காய்கறி குறித்த அறிவும் விருப்பமும் வளர்ந்தன, உண்பது வளரவில்லை. பின்னர் பெற்றோரையும் வீட்டுத் தோட்டத்தையும் திட்டத்தில் சேர்த்தபோது உண்பதும் கூடியது.

இவற்றைச் சேர்த்து வாசித்தால் எச்சரிக்கையான ஒரு முடிவுக்கு வரலாம். பள்ளித் தோட்டம் அறிவையும் விருப்பத்தையும் ஓரளவு உறுதியாக மாற்றுகிறது. தட்டை மாற்றுவது வீடும் பள்ளிச் சமையலறையும் ஒத்துழைக்கும் இடத்தில்தான். தோட்டத்தின் நாட்காட்டியும் இதற்கு ஒரு காரணம். வட அமெரிக்காவில் தக்காளியும் மிளகாயும் வெள்ளரியும் காய்த்துக் குலுங்குவது ஜூலை, ஆகஸ்டில். பள்ளி மூடியிருப்பதும் அப்போதுதான். ஜூனில் பிள்ளைகள் நட்ட நாற்று அவர்கள் இல்லாதபோது பழுத்து உதிர்கிறது, அல்லது விடுமுறையிலும் வந்து தண்ணீர் ஊற்றத் தயாரான ஓர் ஆசிரியரின் தலையில் விழுகிறது. அந்த ஆசிரியர் மாற்றலாகிப் போனால் மறு பருவத்தில் பாத்தியில் கோரைதான் நிற்கும். பல திட்டங்கள் இரண்டு மூன்று ஆண்டுகளில் ஓய்ந்துவிடுவதற்குப் பிள்ளைகளின் ஆர்வக் குறைவைவிட, ஊதியம் குறிக்கப்படாத இந்த வேலையே பெரிய காரணம் என்று கருத இடமுண்டு.

கடை இல்லாத தெருக்கள்

மூன்றாவது நிலைப்பாடு வரைபடத்திலிருந்து பிறந்தது. வருமானம் குறைந்த பகுதிகளில் நல்ல காய்கறிக் கடைக்கு நகரத்தில் ஒரு மைலுக்கு மேலும் நாட்டுப்புறத்தில் பத்து மைலுக்கு மேலும் போக வேண்டியிருந்தால், அந்த இடத்தை ‘உணவுப் பாலைவனம்’ என்று அமெரிக்க வேளாண் துறை 2011இல் வெளியிட்ட வரைபடம் குறித்தது. பிரச்சினை தொலைவு என்றால் தீர்வு எளிது: பேரங்காடியைக் கொண்டு வா, அது வரும்வரை தெருமுனையில் தோட்டம் போடு. நிதி அறக்கட்டளைகளுக்கும் மாநகராட்சிகளுக்கும் இது கைக்கு அடக்கமான விளக்கமாக இருந்தது.

தரவுகள் அவ்வளவு இணங்கவில்லை. ஃபிலடெல்ஃபியாவில் கடை இல்லாத பகுதியில் புதிய பேரங்காடி திறந்த பிறகு ஆராய்ந்தபோது, கடை வந்திருப்பது மக்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் உண்ணும் பழம், காய்கறியின் அளவில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. நாடளாவிய கொள்முதல் தரவுகளைக் கொண்டு ஹன்ட் ஆல்காட்டும் சக பொருளியலாளர்களும் 2019இல் வெளியிட்ட ஆய்வு, பணக்காரர் ஏழைகளுக்கு இடையிலான ஊட்டச்சத்து ஏற்றத்தாழ்வில் கடைகளின் இருப்பும் விலையும் சேர்ந்து விளக்குவது ஏறக்குறைய 10 சதவீதம் மட்டுமே என்று மதிப்பிட்டது. எஞ்சியதைத் தேவை சார்ந்த வேறுபாடு என்றார்கள். இதை வைத்து ‘ஏழைகள் நல்லதை விரும்புவதில்லை’ என்று முடிவுகட்டுவது அவசரம். தேவை என்று பொருளியல் சொல்வதற்குள் கையிலுள்ள காசு, சமைக்கக் கிடைக்கும் நேரம், வேலைநேரத்தின் ஒழுங்கின்மை, வளர்ந்த பழக்கம் எல்லாம் அடங்கியிருக்கின்றன. ஆனால் தொலைவைக் குறைத்தால் போதும் என்ற வாதம் இதோடு பலவீனமாகிவிடுகிறது. அதை நம்பித் தோட்டத்தை நியாயப்படுத்தியவர்களின் வாதமும்தான்.

நியூயார்க்கின் பிரான்க்ஸ் பகுதியில் நெடுங்காலம் தோட்டம் வளர்த்த கேரன் வாஷிங்டன் போன்றோர் வேறு திசையிலிருந்து இதை மறுத்தனர். கடைகள் இயற்கையாக வற்றிப் போகவில்லை. 1930களில் கறுப்பினக் குடியிருப்புகளைச் சிவப்புக் கோடிட்டு வீட்டுக் கடன் மறுத்த வரைபடங்களும், பிறகு வெள்ளையரோடு புறநகருக்குப் போன முதலீடும் சேர்ந்து உருவாக்கிய நிலை இது. எனவே கேட்க வேண்டியது கடை எவ்வளவு தூரம் என்பதை அல்ல, யார் இந்த நிலையை உண்டாக்கினார்கள் என்பதை. இங்கிருந்து நான்காவது நிலைப்பாட்டுக்கு ஓரடிதான்.

நிலமே கேள்வி

1962-63 குளிர்காலத்தில் மிசிசிப்பியின் லெஃப்லோர் மாவட்டத்தில் கறுப்பினத்தவர் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கத் தொடங்கியதும், மாவட்ட நிர்வாகம் கூட்டாட்சி அரசின் உபரி உணவு விநியோகத்தை நிறுத்தியது. பாதிக்கப்பட்டவர்கள் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர். பசி அங்கே இயற்கை இடரன்று, அரசியல் ஆயுதம். குத்தகை உழைப்பாளியான ஃபேனி லூ ஹேமர் 1962இல் வாக்குரிமை கோரிய அன்றே தோட்ட முதலாளியால் வெளியேற்றப்பட்டவர். 1969இல் சன்ஃபிளவர் மாவட்டத்தில் அவர் 40 ஏக்கரில் தொடங்கிய ‘விடுதலைப் பண்ணைக் கூட்டுறவு’ இந்த அனுபவத்தின் நேரடி விடை. காய்கறியோடு ஒரு பன்றி வங்கியும் அங்கே இருந்தது: சினைப் பன்றியைக் குடும்பத்திடம் வளர்க்கக் கொடுப்பார்கள், ஈன்ற குட்டிகள் அந்தக் குடும்பத்துக்கு. தன் கையால் உணவு உண்டாக்கத் தெரிந்தவரை வாக்குரிமைக்காகப் பட்டினி போட முடியாது என்பது ஹேமரின் கணக்கு. வறட்சி, வெள்ளம், கடன், நிலவரி எல்லாம் சேர்ந்து 1970களின் நடுவில் அந்தப் பண்ணையை முடித்துவைத்தன.

சமூகவியலாளர் மோனிகா வைட் 2018இல் வெளியான ‘ஃபிரீடம் ஃபார்மர்ஸ்’ நூலில் இந்த மரபை இன்றைய டெட்ராய்ட்டோடு இணைக்கிறார். 1950இல் 18 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த அந்த நகரில் 2020இல் எஞ்சியோர் சுமார் 6.4 லட்சம். வீடுகள் இடிந்து, ஆயிரக்கணக்கான மனைகள் புல் மண்டிக் கிடந்தன. மாலிக் யாகினியும் தோழர்களும் 2006இல் அமைத்த டெட்ராய்ட் கறுப்பினச் சமூக உணவுப் பாதுகாப்பு வலையமைப்பு, ரூஜ் பூங்காவில் நகரத்திடம் குத்தகை பெற்று ‘டி-டவுன்’ பண்ணையை 7 ஏக்கராக வளர்த்தது; நகர மன்றத்தை உணவுக் கொள்கை வகுக்க வைத்தது; நீண்ட முயற்சிக்குப் பின் 2024இல் ஒரு கூட்டுறவு மளிகைக் கடை திறக்கப்படுவதற்கும் துணைநின்றது. இங்கே தோட்டம் சங்கத்தின் பயிற்சிக்களம். வாரந்தோறும் களையெடுக்கக் கூடுகிறவர்களே தீர்மானம் போடவும், குத்தகை ஒப்பந்தத்தை வரிவரியாகப் படிக்கவும், நகர மன்றத்தில் எழுந்து பேசவும் பழகுகிறார்கள்.

இந்த நிலைப்பாட்டின் வலு, நிலத்தை நடுவில் வைப்பதில் இருக்கிறது; பலவீனமும் அங்கேதான். நிலம் பெரும்பாலும் சொந்தமில்லை. லாஸ் ஏஞ்சலஸில் குப்பை எரிக்கும் ஆலைக்காக நகரம் கையகப்படுத்தி, மக்கள் எதிர்ப்பால் கைவிட்ட 14 ஏக்கர் நிலத்தில், 1992 கலவரத்துக்குப் பிறகு சுமார் 350 குடும்பங்கள் ‘சவுத் சென்ட்ரல் பண்ணை’யை உருவாக்கின. பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்தவர்கள். ஊரில் வளர்த்த சோளமும் சப்பாத்திக் கள்ளியும் மூலிகையும் அங்கே தழைத்தன. 2003இல் நகரம் அந்த நிலத்தைப் பழைய உரிமையாளருக்குச் சுமார் 50 லட்சம் டாலருக்கு விற்றது. விவசாயிகள் வாங்க முன்வந்தபோது அவர் கேட்ட விலை 1.6 கோடி டாலருக்கும் மேல். 2006 ஜூன் 13 அன்று காவல்துறை வெளியேற்றியது, புல்டோசர் ஏறியது. அதற்கு முன் 1999இல் நியூயார்க் மேயர் ஜூலியானி 114 தோட்டங்களை ஏலத்துக்கு விட முயன்றபோது, இரண்டு அறக்கட்டளைகள் சுமார் 42 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியதால்தான் அவை பிழைத்தன.

இன்னொரு முரணும் உண்டு. நியூயார்க் தோட்டங்களை ஆராய்ந்த யோன் வொய்க்குவும் விக்கி பீனும், மிக ஏழ்மையான பகுதிகளில் தோட்டம் திறந்த ஐந்தாண்டுகளுக்குள் அக்கம்பக்கச் சொத்து மதிப்பு 9.4 சதவீதப் புள்ளிகள் வரை உயர்ந்ததாக 2008இல் காட்டினர். வீட்டுச் சொந்தக்காரருக்கு இது நல்ல செய்தி. வாடகைக்குக் குடியிருப்பவருக்கோ, தான் பாடுபட்டுப் பச்சையாக்கிய தெருவிலிருந்து தன்னையே வெளியேற்றும் வாடகை உயர்வின் முன்னறிவிப்பு.

எதிர்வாதங்கள்

தோட்டத்தால் யார் வயிறும் நிறையாது என்பது முதல் எதிர்வாதம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நன்கு பராமரித்த நகரத் தோட்டத்தில் சதுர அடிக்கு ஆண்டுக்கு அரைக் கிலோ காய் எடுக்கலாம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஆயிரம் சதுர அடிப் பள்ளித் தோட்டம் 500 கிலோ தரும். 500 பிள்ளைகளுக்கு 180 பள்ளி நாட்களில் தலைக்கு 100 கிராம் காய் வேண்டுமென்றால் தேவை 9,000 கிலோ. தோட்டம் தருவது அதில் பதினெட்டில் ஒரு பங்கு. அரிசி, பருப்பு, எண்ணெயின் பக்கமே இன்னும் போகவில்லை. நகரம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் படம் சற்று மாறும்: டெட்ராய்ட்டின் பொதுக் காலிமனைகளைத் தீவிரமாகப் பயிரிட்டு, சேமிப்புக் கிடங்கும் பசுமைக் கூடாரமும் சேர்த்தால் நகரத்தின் காய்கறித் தேவையில் முக்கால் பங்கு வரை எட்டலாம் என்று 2010இல் ஓர் ஆய்வு கணித்தது. ஆனால் அது முடியக்கூடியதன் மேல்வரம்பு, நடந்ததன் கணக்கு அல்ல. ஹவானாவின் நகர்ப்புறத் தோட்டங்கள் சோவியத் உதவி நின்றபின் பெருகியது அரசு நிலத்தைப் பயன்பாட்டுரிமையில் கொடுத்ததால்தான். அந்தக் கியூபாவும் தன் உணவில் பெரும்பகுதியை இன்னும் இறக்குமதி செய்கிறது. ஆகவே விளைச்சலை மட்டுமே அளவுகோலாகக் கொண்டால் இந்த எதிர்வாதம் வென்றுவிடுகிறது. ஆனால் அது ஒன்றே அளவுகோலாக இருக்க வேண்டியதில்லை. டென்வரில் 291 பேரைக் கொண்டு குலுக்கல் முறையில் நடத்தி 2023இல் வெளியான சோதனையில், சமூகத் தோட்டத்தில் இடம் கிடைத்தவர்கள் நாளுக்கு 1.4 கிராம் நார்ச்சத்து கூடுதலாக உண்டனர். உடலுழைப்பு கூடியது, மன அழுத்தமும் பதற்றமும் குறைந்தன. சிறிய பலன்கள்தாம், ஆனால் ஒரே இடத்திலிருந்து பல.

இரண்டாவது எதிர்வாதம் இடதுசாரிப் புலமையிலிருந்து வருகிறது. ஜூலி கத்மன், மேரி பெத் பூடப் போன்றோர் கேட்பது இது: அரசு செய்ய வேண்டியதை ஏழையே தன் ஓய்வு நேரத்தில் செய்துகொள்ளட்டும் என்று சொல்வதற்குத் தோட்டம் ஓர் அழகிய சாக்கு அல்லவா? மண்ணில் கைவைத்தால் மனம் மாறும் என்ற பரப்புரை, அடிமைத்தனத்தையும் பண்ணைக் கூலியையும் நினைவில் சுமக்கும் கறுப்பினத்தவருக்கு என்ன பொருள் தரும்? ஆய்வாளர் நேதன் மெக்லின்டாக் 2014இல் இதற்குத் தந்த பதில் நிதானமானது: ஒரே தோட்டம் அரசின் பின்வாங்கலுக்குத் துணைபோவதும் அதை எதிர்க்கும் களமாவதும் ஒருசேர நடக்கலாம், எது மேலோங்குகிறது என்பது அந்தந்த இடத்தின் அரசியலைப் பொறுத்தது. இதை ஒரு படி நீட்டலாம். தோட்டம் தொடங்கியபின் அந்த மக்கள் அரசிடம் கேட்பது கூடியதா குறைந்ததா என்று பார்த்தால் சோதனை எளிதாகிவிடும். டெட்ராய்ட் வலையமைப்பின் வரலாற்றில் கேட்பது கூடியிருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை நிதி நிறுவனத்துக்குப் படம் அனுப்புவதற்காக வைத்த தோட்டங்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

மூன்றாவது எதிர்வாதம் பிள்ளைகளின் நேரம் பற்றியது. எழுத்தாளர் கெய்ட்லின் ஃபிளானகன் 2010இல் பெர்க்லி தோட்டத்தைக் கடுமையாகச் சாடினார்: வயலில் வேகும் குடியேறிகள் தம் பிள்ளையாவது புத்தகம் பிடிக்கட்டும் என்று பள்ளிக்கு அனுப்பினால், பள்ளி அவன் கையில் மீண்டும் மண்வெட்டியைக் கொடுக்கிறது என்பது அவர் வாதத்தின் சாரம். தமிழ் வாசகருக்கு இதன் கூர்மையை விளக்க வேண்டியதில்லை. 1937இல் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி கைத்தொழிலைக் கல்வியின் மையமாக்கியது. 1953இல் ராஜாஜி அரசு அரைநாள் பள்ளி, அரைநாள் பெற்றோர் தொழில் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தபோது, பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதைக் குலக்கல்வி என்று அடையாளம் காட்டி எதிர்த்தனர். 1954இல் ராஜாஜி விலகினார், காமராஜர் அரசு திட்டத்தைக் கைவிட்டது. உடலுழைப்புக்கு மதிப்பு என்ற நல்ல சொல் பிறப்பின் அடிப்படையில் வேலை பிரிப்பதற்கு எப்படித் திரையாகலாம் என்பதற்கு இது நாமறிந்த சான்று. பள்ளித் தோட்டத்தை ஆதரிப்பவர் இதற்கு நேராகப் பதில் சொல்லியாக வேண்டும். பதில் உண்டு: வாரத்தில் ஒரு பாடவேளை, எல்லாப் பிள்ளைகளும் சமமாகச் செய்யும் அறிவியல் பாடமாக, தேர்வுப் பாடங்களின் நேரத்தைத் தின்னாமல் நடக்கும் தோட்டம் குலக்கல்வி ஆகாது. ஆனால் கட்டணப் பள்ளிப் பிள்ளைக்குக் கணினியும் அரசுப் பள்ளிப் பிள்ளைக்குக் களைக்கொத்தும் என்று பிரிந்தால் அந்தச் சந்தேகம் நியாயமானதே.

நான்காவது, சூழல் சார்ந்த எதிர்வாதம். பழைய நகரங்களின் மண்ணில் சுவர்ப் பூச்சிலிருந்தும் ஈயம் கலந்த பெட்ரோலிலிருந்தும் படிந்த ஈயம் இருக்கிறது. உயர்த்திக் கட்டிய பாத்தியும் வெளியிலிருந்து கொண்டுவந்த மண்ணும் மட்கு உரமும் இல்லாமல் அங்கே கீரை போடுவது ஆபத்து. 2024இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 73 இடங்களை ஆராய்ந்த ஓர் ஆய்வு, நகர்ப்புற விளைபொருளின் கரிமச் சுவடு வழக்கமான பண்ணை விளைபொருளைவிடச் சராசரியாக ஆறு மடங்கு என்று கண்டது. காரணம் மண்ணல்ல, பலகை, கொட்டகை, பாதை ஆகிய கட்டுமானங்கள். ஐந்தாண்டில் கலைக்கப்படும் பாத்தியின் பாதிப்பு இருபதாண்டு நிற்கும் பாத்தியைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. இந்தக் கண்டுபிடிப்பு தோட்டத்துக்கு எதிரானது என்று வாசிக்கப்பட்டது. உண்மையில் அது நிலையற்ற நிலவுரிமைக்கு எதிரானது. மண் தேறுவதற்கும், கட்டுமானச் செலவு பரவுவதற்கும், ஆசிரியர் மாறினாலும் பாத்தி நிலைப்பதற்கும் தேவைப்படுவது ஒன்றே: ஆண்டுகள்.

சத்துணவுக் கூடமும் தோட்டமும்

இவ்வளவு சான்றும் ஒரு திசையைக் காட்டுகிறது. தோட்டம் தனியாக நிற்கும்போது பலன் சிறிது. உரிமையாக்கப்பட்ட ஒரு பொது உணவு ஏற்பாட்டோடு இணையும்போது பெருகுவதற்கு வாய்ப்புண்டு. அமெரிக்காவில் 1946 முதல் தேசியப் பள்ளி மதிய உணவுத் திட்டம் இருந்தாலும், இலவசமாகப் பெற வருமானச் சான்று காட்ட வேண்டிய முறையே நெடுங்காலம் நிலைத்தது. 1969இல் ஓக்லண்டில் கறுப்பினப் போராட்ட அமைப்பான கறுப்புச் சிறுத்தைகள் தொடங்கிய இலவசக் காலையுணவு, சான்று கேட்காமல் சோறு போடலாம் என்று காட்டியது. எல்லாப் பொதுப்பள்ளிப் பிள்ளைகளுக்கும் இலவசம் என்ற நிலையைக் கலிஃபோர்னியா 2022-23இல்தான் எட்டியது. அப்போதும் பல பள்ளிகளில் சமையலறை என்பது எங்கோ தயாரானதைச் சூடாக்கும் இடம். பின்வாசலில் விளைந்த கீரை உள்ளே போக வழியில்லை.

தமிழ்நாட்டில் வரிசை தலைகீழ். 1920இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கி, 1956இல் காமராஜரின் மதிய உணவாகவும், 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவாகவும், 2022இல் காலைச் சிற்றுண்டியாகவும் விரிந்த ஏற்பாட்டில் முதலில் வந்தது உலை. தோட்டம் பின்னால் வந்தது. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சமைத்த மதிய உணவை அரசின் கடமையாக்கியது; 2013இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதை உரிமையாக்கியது. 2019இல் பள்ளி ஊட்டச்சத்துத் தோட்டங்களுக்கு மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டபோது, விளைச்சல் போய்ச்சேர ஒரு பானை ஏற்கெனவே அடுப்பில் இருந்தது. வளாகத்திலேயே சமைப்பதால் ஒரு முருங்கை மரம் உதிர்க்கும் கீரை அன்றைய சாம்பாருக்குள் போய்விடும். யாரிடமும் ஒப்பந்தம் போட வேண்டியதில்லை. முருங்கை, பப்பாளி, கறிவேப்பிலை போன்ற நீண்டநாள் மரங்கள் கோடை விடுமுறையையும் ஓரளவு தாங்கும். வாரம் இருமுறை தண்ணீர் கேட்கும் கத்தரியும் வெண்டையும் தாங்காது. சுற்றுச்சுவர் இல்லாத பள்ளியில் ஆட்டுக்கு மிஞ்சியதுதான் அறுவடை. அளவைப் பொறுத்தவரை, பள்ளி உணவு நிதியில் குறைந்தது 30 சதவீதத்தைக் குடும்பப் பண்ணைகளிடம் செலவிட வேண்டும் என்று பிரேசில் 2009இல் இயற்றிய சட்டம் எந்தத் தோட்டத்தாலும் எட்ட முடியாத தூரத்தை எட்டக்கூடியது.

ஆனால் உலை கொதிப்பதோடு நீதி முடிவதில்லை. பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் சமைத்தார் என்பதற்காகச் சில ஊர்களில் பெற்றோர் சத்துணவை மறுத்த செய்திகள் தமிழ்நாட்டிலும் வந்திருக்கின்றன. யார் நடுவது, யார் சமைப்பது, யார் அருகில் யார் உட்காருவது என்பவை உணவு நீதியின் உட்பொருள். பாத்தியில் எல்லோரும் ஒன்றாக வேலை செய்வது இதைத் தானாகத் தீர்த்துவிடும் என்று நம்பச் சான்று இல்லை. களையெடுப்பவரும் கணக்கெழுதுபவரும் சாதிப்படி பிரிந்தால் அது சிக்கலை வளர்க்கவே செய்யும்.

எஞ்சி நிற்பவை

இதுவரை வந்த விடைகளைச் சீர்தூக்கினால், நிவாரணப் பார்வையும் தொலைவுப் பார்வையும் சான்றின் முன் பலவீனமானவை. கல்விப் பார்வை ஓரளவு தாங்குகிறது. வீடும் சமையலறையும் இணைந்தால் கூடுதலாகத் தாங்குகிறது. நிலவுரிமைப் பார்வை காரணங்களை மிகச் சரியாக இனங்காண்கிறது, ஆனால் தன் பலனை முறையாக அளந்து காட்டியது குறைவு. தோட்டத்தை நீதியின் கருவியாக்குவதாகத் தோன்றும் நிபந்தனைகள் மூன்று: நீண்டகால நிலவுரிமை, பயிரிடுபவரிடமே முடிவெடுக்கும் அதிகாரம், பொது உணவுத் திட்டத்தோடு இணைப்பு. மூன்றும் கூடிய இடங்கள் அரிது. ஆகவே இந்தக் கருத்தும் இன்னும் முழுமையாகச் சோதிக்கப்படாத ஒன்றே.

திறந்து கிடக்கும் கேள்விகள் குறைந்தது மூன்று. பத்து வயதில் தோட்டத்தில் நின்ற பிள்ளை முப்பது வயதில் என்ன உண்கிறது என்பதைச் சொல்ல ஓரிரு ஆண்டுச் சோதனைகளால் இயலாது. நிலத்தைச் சமூக அறக்கட்டளையின் பெயரில் நிரந்தரமாக வைத்தாலும், சுற்றியுள்ள வாடகையைக் கட்டுப்படுத்தாமல் ஏழைகள் அந்தத் தெருவில் நிலைக்க முடியுமா என்பது தெளிவில்லை. பெரும்பாலும் பெண்கள் செய்யும் ஊதியமற்ற பராமரிப்பு உழைப்பைத் திட்டச் செலவில் சேர்த்தால் இன்று மலிவாகத் தெரியும் தோட்டங்கள் அப்படியே தெரியுமா என்பதும் கணக்கிடப்பட வேண்டியது. இவற்றுக்கு விடை வரும்வரை, புதிதாகத் தோட்டம் தொடங்கும் மாநகராட்சியோ கல்வித் துறையோ எத்தனை தோட்டம் என்ற எண்ணிக்கையை அறிவிப்பதைவிட, குத்தகை எத்தனை ஆண்டுக்கு, பராமரிப்பவருக்கு ஊதியம் என்ன, விளைச்சல் எந்தப் பானைக்குப் போகிறது என்பதை அறிவிப்பது பயனுள்ளதாக இருக்கும்.